பெண்களிடம் ஆர்.பி.ஜி. கேம்களைக் கொண்டுசேர்ப்பது எப்படி? மதுரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கேம் உருவாக்கும் சிறு குழுக்கள் பெருகி வருகின்றன. அவர்களுக்கு விளம்பர வாசகமும் டிரெய்லர் எழுத்தும் எழுதித் தருவது என் வேலை. வேலைக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்து விழும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களுக்கு உடன்பாடில்லாத இடங்கள் இருக்கலாம். இருந்தால் நல்லதுதான்.

ஆர்.பி.ஜி. என்று எதைச் சொல்கிறீர்கள்?

ரோல்-பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம். ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறமைகளைப் படிப்படியாக வளர்த்து, நாம் எடுக்கும் முடிவுகளோடு கதையை நகர்த்திச் செல்லும் கேம். இதன் வேர், 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு. ஜப்பானில் 1986இல் டிராகன் குவெஸ்ட், அடுத்த ஆண்டே ஃபைனல் ஃபேண்டசி. இன்று விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மாணவி ஃபோனில் விளையாடும் கென்ஷின் இம்பாக்டும் இந்த வம்சம்தான்.

பெண்கள் இதையெல்லாம் உண்மையிலேயே விளையாடுகிறார்களா?

விளையாடுகிறார்கள். குவாண்டிக் ஃபவுண்ட்ரி என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய பதில்களை வைத்து 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பண்ணை வளர்க்கும் கேம்களில் பெண்களின் பங்கு 69 சதவீதம். ஜப்பானிய ஆர்.பி.ஜி.களில் 33. மேற்கத்திய ஆர்.பி.ஜி.களில் 26. விளையாட்டுப் போட்டி கேம்களில் வெறும் 2.

இந்த 26ஐப் பார்த்ததும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். அதே பட்டியலின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். மேற்கத்திய ஆர்.பி.ஜி. வகையைச் சேர்ந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் பெண்களின் பங்கு 48 சதவீதம். வாள், அரக்கன், மந்திரம் எல்லாம் அதிலும் உண்டு. கூடவே, முகத்தை நாமே செதுக்கலாம், கூட வருபவர்களோடு மணிக்கணக்கில் பேசலாம், காதலிக்கலாம், சண்டை போட்டுக்கொண்டு பிரியலாம். வகையின் சராசரியை வைத்துப் பெண்களைக் கணிப்பதில் பொருளில்லை என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் அவை அந்த ஆய்வில் பதில் சொன்னவர்களின் எண்கள். முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடில் அதை மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் நீட்டிப் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

பிறகு ஏன் கேம் என்றாலே பையன்கள் சமாச்சாரம் என்று ஆயிற்று?

தொடக்கத்தில் அப்படி இல்லை. 1980இல் வந்த பேக்-மேன், பெண்களும் ஆர்கேடு எனும் கேம் அரங்குக்குள் வர வேண்டும் என்ற எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டது. அதே ஆண்டு ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண் வடிவமைத்த மிஸ்டரி ஹவுஸ், கணினி சாகச கேம்களுக்குப் படங்களைக் கொண்டுவந்தது. 1983இல் அமெரிக்கக் கேம் சந்தை சரிந்தது. கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே முகம் சுளித்தார்கள். நின்டெண்டோ, டிவியில் இணைத்து ஆடும் தன் கன்சோலைப் பொம்மை என்று சொல்லி உள்ளே நுழைத்தது. பொம்மைக் கடையிலோ பையன்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. கேம் பையன்களின் வரிசையில் போய் உட்கார்ந்தது. 1989இல் வந்த கைக்கருவியின் பெயரே கேம் பாய்.

நம் ஊரில் காரணம் வேறு. இங்கே கேம் முதலில் புழங்கிய இடம் பிரவுசிங் சென்டர். மாடிப்படி ஏறிப் போக வேண்டிய, பலகைத் தடுப்பு போட்ட, வாசலில் பத்து பைக் நிற்கும் அறை. எந்த வீட்டில் மகளை அங்கே அனுப்பினார்கள்? வீட்டுக்குக் கணினி வந்தபோதும் அது அண்ணனின் அறைக்குத்தான் போனது. 2016க்குப் பிறகு டேட்டா மலிந்து, ஆளுக்கொரு ஃபோன் என்று ஆன பிறகுதான் கேம் பெண்களின் கைக்கு நேராக வந்தது. இங்கே உங்கள் விளம்பரம் பேச வேண்டியது அந்த ஃபோனோடு. கன்சோலை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் பெரும்பாலும் அண்ணனிடம்தான் போய்ச் சேரும்.

பெண்களுக்கென்றே தனி கேம் செய்துவிட்டால் என்ன?

செய்யலாம், தெரிந்து செய்தால். 1996இல் பார்பி ஃபேஷன் டிசைனர் என்ற கணினி மென்பொருள் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. சிறுமிகளை ஆராய்ந்து, அவர்களுக்காகவே தொடங்கப்பட்ட பர்ப்பிள் மூன் என்ற நிறுவனமோ 1999இலேயே கடையைக் கட்டியது. இரண்டையும் காட்டி ஆளுக்கொரு பாடம் நடத்துவார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது ஜப்பானின் ஆஞ்சலிக் என்ற கேம். கோயி நிறுவனத்தில் பெண்களைக் கொண்டு அமைத்த ரூபி பார்ட்டி என்ற குழு 1994இல் வெளியிட்டது. ஒரு உலகத்தை ஆளும் அரசியாகப் போட்டியிடும் பெண், அவளைச் சுற்றிக் காவலர்கள், காதல். இன்று ஓட்டோமே என்று அழைக்கப்படும் காதல்கதை கேம்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. 2024 ஜனவரியில் வந்த சீனத்து லவ் அண்ட் டீப்ஸ்பேஸ் வரை அந்த வழி நீள்கிறது. அதில் காதலும் உண்டு, நேரடிச் சண்டையும் உண்டு.

ஆஞ்சலிக் குழு, ஆண்களுக்குச் செய்த கேமுக்குச் சாயம் பூசி அனுப்பவில்லை. காதலை ஒரு முழுமையான ஆட்டமாக எடுத்துக்கொண்டு, அதற்குக் கணக்கும் உத்தியும் வகுத்தது. உங்களிடம் அப்படியொரு கேம் இருந்தால் துணிந்து பெண்களுக்கானது என்று சொல்லுங்கள். இருப்பது போர்க்கள ஆர்.பி.ஜி. என்றால், அதைப் போர்க்கள ஆர்.பி.ஜி. என்றே பெண்களிடம் விற்கலாம். வாங்குவார்கள்.

போஸ்டரை இளஞ்சிவப்பில் போடலாமா?

வேண்டாம்.

நாயகியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வைத்திருக்கிறோம். அது போதாதா?

வசதி இருப்பது யாருக்குத் தெரியும்? இதற்கு மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி ஆர்.பி.ஜி. தொடரைவிட நல்ல பாடம் கிடையாது. 2007இல் வந்த முதல் கேமிலேயே தளபதி ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ விளையாடலாம். பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்தவர் ஜெனிஃபர் ஹேல். அந்த நடிப்பை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அட்டையில் ஆண், டிரெய்லரில் ஆண், கடை வாசல் பலகையிலும் ஆண். 2011இல் அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் விளம்பரத் தரப்பு, 18 சதவீதம் பேர்தான் பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொன்னது. பல ஆண்டுகள் மறைத்து வைத்த பாத்திரத்தை அத்தனை பேர் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

மூன்றாவது கேமுக்காக விழித்துக்கொண்டார்கள். அவள் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். (ஆண் ஷெப்பர்டின் முகத்துக்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தியதில்லை என்ற முணுமுணுப்பும் எழுந்தது. நியாயமான முணுமுணுப்பு.) 2012இல் கேம் வந்தபோது அவளுக்கென்று தனி டிரெய்லர் இருந்தது, அட்டையைத் திருப்பிப் போட்டால் அவள் முகம் இருந்தது. 2021இல் மூன்று கேம்களையும் சேர்த்து மறுபதிப்பாக வெளியிட்டபின் அவர்கள் தந்த கணக்கில் பெண் ஷெப்பர்ட் 32 சதவீதம். இந்த உயர்வு முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுத முடியாது. பத்தாண்டில் ஆட்டக்காரர்களும் மாறியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு முகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, அதைக் கேட்க ஆளில்லை என்று அறிக்கை வாசிப்பது என்ன வகை வியாபாரம்?

ஆகவே முதல் படத்திலேயே காட்டுங்கள். போகேமான் கிரிஸ்டல் 2000இல் ஒரு சிறுமியாக விளையாடும் வாய்ப்பை அந்தத் தொடரில் முதன்முறையாகத் தந்தது. இன்று 2000 இல்லை. பெண்ணாகவும் விளையாடலாம் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டால், விருந்துக்கு அழைத்துவிட்டுத் திண்ணையில் இலை போட்டதாகத்தான் ஆகும்.

நாயகியின் உடை பற்றி?

வீரனுக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்பு, வீராங்கனைக்கு இரண்டு துண்டுத் தகடு. பார்த்ததும் இது யாருக்காக வரைந்தது என்று தெரிந்துவிடுகிறது. அலங்காரம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உடை மாற்றுவதே சில பெண்களுக்குப் பாதி ஆட்டம். பல ஆண்களுக்கும்தான், ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கவசம் கவசமாக இருக்கட்டும், பட்டு பட்டாக இருக்கட்டும், எதை அணிவது என்பதை விளையாடுபவர் முடிவு செய்யட்டும்.

மதுரைக் கதை ஒன்றை எடுத்தால் பெண்கள் வருவார்களா?

இந்த ஊர்ப் பெண்களுக்கு, ஒரு பெண் படை நடத்துவதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேள்வித் தீயில் தோன்றிய தடாதகை, அதாவது நம் மீனாட்சி, முடிசூடுகிறாள், எட்டுத் திக்கும் போய் வெல்கிறாள், கயிலை வரை படையெடுக்கிறாள். ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவிலும் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்குவிஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். பயிற்சி, பட்டம், பயணம், ஒவ்வொரு திசையிலும் ஓர் எதிரி என்று அமைந்த அந்த வரிசையை எந்த ஆர்.பி.ஜி. எழுத்தாளரிடம் காட்டினாலும் கண் விரியும்.

அதற்காக அம்மனைக் கையில் கொடுத்து விளையாடச் சொல்லாதீர்கள். தோற்றுத் தோற்று மறுபடி எழுவதுதான் ஆர்.பி.ஜி. அம்மன் ஒரு பூதத்திடம் அடிவாங்கிச் சாய்வதை மாசி வீதியில் யார் பொறுத்துக்கொள்வார்கள்? புனேயிலிருந்து 2020இல் வந்த ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் இதை அழகாகக் கையாண்டது. அது சண்டைச் சாகச கேம்தான், முழு ஆர்.பி.ஜி. ஆகாது, ஆனால் வழி நல்ல வழி. தம்பியைத் தேடிப் போகும் சாதாரணப் பெண்தான் நாயகி. தெய்வங்கள் அவளுக்கு ஆயுதமும் அருளும் தருகிறார்கள், அவ்வளவே.

தெய்வக் கதை வேண்டாம் என்றால் வரலாறு இருக்கிறது. பேரனுக்காக 1689 முதல் மதுரை ஆட்சியை நடத்திய ராணி மங்கம்மாள், 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியார். எனக்கு மங்கம்மாள்மேல் ஆசை அதிகம். சாலை போடுவது, சத்திரம் கட்டுவது, அண்டை அரசர்களிடம் தூது அனுப்புவது, வாளெடுக்க வேண்டிய இடத்தில் எடுப்பது என்று அவர் கதையில் ஆட்டத்துக்கான முடிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் நிற்கும் சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் யாரும் இன்னும் இதைச் செய்யவில்லையே என்று தோன்றும்.

நம் கதை நம் ஆட்களுக்கு மட்டுமே என்ற பயமும் தேவையில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் சமையலறையைச் சுற்றி நடக்கும் வெண்பா என்ற கேம் 2023இல் வந்தது. இட்லியும் புட்டும் அறியாதவர்களும் விளையாடினார்கள்; அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது.

டிரெய்லரில் எதைக் காட்டுவது?

பொதுவாக என் மேசைக்கு வரும் டிரெய்லர் இப்படி இருக்கும்: இருட்டு, இடி, கர்ஜனை, வாள் உரசும் ஒலி, லோகோ. முப்பது விநாடி முடிந்த பிறகும் கதை யாருடையது என்று தெரியாது. குவாண்டிக் ஃபவுண்ட்ரியின் அதே தரவில், ஆண்கள் முதலில் சொன்ன ஈர்ப்புகள் போட்டியும் தகர்ப்பும். பெண்கள் முதலில் சொன்னவை எடுத்ததை முழுதாக முடிப்பதும் வேறோர் உலகில் வேறோர் ஆளாக வாழ்வதும். இவ்விரண்டையும் ஆர்.பி.ஜி.யைவிட அதிகமாகத் தரும் வகை ஏது? உங்கள் கேமில் ஏற்கெனவே இருப்பதை டிரெய்லரில் வெட்டி எறிந்துவிட்டு, ஆள் வரவில்லை என்கிறீர்கள்.

நான் கேட்டு வாங்குவது: நாயகி ஒரு முடிவெடுக்கும் காட்சி ஒன்று. கூட வருபவர் யாராவது பேசும் ஒரு வரி. சுற்றிப் பார்க்கத் தூண்டும் ஓர் ஊர். சண்டை இருக்கட்டும், அதற்கு நடுவே அவள் முகம் தெரியட்டும். ஒலியில்லாமலும் புரிய வேண்டும். இரவில் பக்கத்தில் தங்கை தூங்க, ஒலியை அணைத்துவிட்டுத்தான் பல பெண்கள் பார்க்கிறார்கள்.

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்பதையும் எழுதுங்கள். ஆண்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்டதாக நினைவில்லை. பால் பொங்குகிறது என்று அழைப்பு வரும் வீட்டில் விளையாடுபவருக்கு அதுதான் முதல் கேள்வி.

தமிழ் மொழிபெயர்ப்பு அவசியமா?

கதைதான் உங்கள் சரக்கு என்றால் அவசியம். செலவைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய வசனத்தில் நாயகன் நாயகியாக மாறினால் ஒன்றிரண்டு சொற்களே மாறும். தமிழில் மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வினைமுற்றும் மாறும். வந்தான் என்பதை வந்தாள் ஆக்க மறந்த ஒரே இடத்தில் ஆட்டத்தின் மயக்கம் கலைந்துவிடும். பெண் பாத்திரத்துக்கு எல்லா வரிகளையும் தனியாக ஒருமுறை வாசித்துத் திருத்தப் பணம் ஒதுக்குங்கள். தோழி நாயகியை எப்படி அழைப்பாள், கிழவி எப்படி அழைப்பாள் என்பதையும் ஒரு பெண் எழுத்தாளரிடமே கொடுங்கள். எழுத்தின் அளவையும் பெரிதாக்குங்கள். ஆங்கிலத்துக்கு வரைந்த பெட்டிக்குள் தமிழ் வரி அடங்காது.

பணம் வாங்கும் முறை பற்றிப் பெண்கள் என்ன கேட்கிறார்கள்?

அவர்களைவிட அவர்கள் வீட்டார் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆன்லைன் கேம் என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது ரம்மியும் அதில் போன உயிர்களும். 2022இல் மாநிலச் சட்டம் வந்தது. 2025இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டமும் வந்தது. உங்கள் கேம் அந்த ரகம் இல்லை என்பதை அம்மாவுக்குப் புரியும்படி முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒரே விலை, ஒரே முறை என்றால் அதைப் பெரிதாகப் போடுங்கள். அதுவே உங்கள் சிறந்த விளம்பர வாசகமாகிவிடும்.

அதிர்ஷ்டத்தில் பாத்திரம் கிடைக்கும் காச்சா முறை என்றால் விளக்கம் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். எது கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017இலேயே விதி வைத்துவிட்டது. விதிக்காக மூலையில் ஒளிக்காமல், தமிழில் எழுதிக் காட்டுங்கள். காதல்கதை கேம்களில் பிடித்த பாத்திரத்தின் முகத்தை வைத்துப் பணம் கறப்பதைப் பெண்கள் நன்றாகவே கண்டுகொள்கிறார்கள். பொறுத்துக்கொள்வார்கள், ஒருநாள் மொத்தமாக அழித்துவிட்டுப் போவார்கள்.

பள்ளி மாணவிகளைக் குறிவைக்கலாமா?

கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளை இலக்காக வைத்து விளம்பரம் செய்யக் கூடாது. கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறரோடு சேர்ந்து ஆடும் கேம் எங்களுடையது. பெண்கள் மைக்கையே திறப்பதில்லை. ஏன்?

குரல் கேட்டவுடன் ஊர் எது, எண் தருவாயா என்று தொடங்கிவிடுகிறார்கள். மறுத்தால் வசவு. அதனால் ஆண் பெயர் வைத்துக்கொண்டு, மௌனமாக ஆடுகிறார்கள். நீங்களோ பெண்களே இல்லை என்று முடிவு செய்கிறீர்கள். பேசாமலே குழுவாக ஆடச் சைகைகள் வையுங்கள். புகார் பொத்தானைத் திரையின் மேற்பரப்பிலேயே வையுங்கள். புகாருக்கு என்ன நடந்தது என்று பதில் அனுப்புங்கள். இதெல்லாம் தயாரான பிறகே பெண்களுக்குப் பாதுகாப்பானது என்று விளம்பரத்தில் எழுதலாம். அதற்கு முன்பு எழுதச் சொன்னால் நான் எழுதித் தர மாட்டேன்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள்?

மிட்டாய் அடுக்கும் கேமில் ஆயிரம் கட்டம் தாண்டியவர்கள் அவர்கள். பொறுமைக்கும் நினைவாற்றலுக்கும் குறைவில்லை. கட்டுப்பாட்டு முறையை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள், முதல் சண்டையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். விளம்பரத்தில் அவர்கள் வயதில் ஒரு முகத்தையாவது காட்டுங்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

பெண் பாத்திரத்தை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்ற எண்ணை வைத்து அறிய முடியாது. ஏராளமான ஆண்கள் நாயகியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலே சொன்ன 18ம் 32ம் பாத்திரத்தின் கணக்கு, ஆட்டக்காரரின் கணக்கு இல்லை. விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லும்படி கேமுக்குள் ஒரு கேள்வி வையுங்கள். முதல் அத்தியாயத்தை முடித்தவர்கள் யார், எங்கே விட்டுப் போனார்கள் என்று பாருங்கள். பதிவிறக்க எண்ணிக்கையை விளம்பரப் பணம் கொடுத்தே ஏற்றிவிடலாம். அதை வைத்துக் குதிக்காதீர்கள்.

செலவு குறைவாக, மதுரையிலேயே எங்கிருந்து தொடங்குவது?

மகளிர் கல்லூரிகளின் கலைவிழாக்களில் இருந்து. லேடி டோக், ஃபாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று ஊருக்குள்ளேயே பெரிய கல்லூரிகள் இருக்கின்றன. கணினித் துறையோடு நிற்காமல் தமிழ்த் துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் போங்கள். கதைக்காக வருபவர்கள் அங்கேதான் அதிகம். துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவும் நல்ல இடம். கதை வாங்க வந்த கூட்டம் அது. அம்மாவும் மகளும் சேர்ந்து வருகிறார்கள். ஸ்டாலில் இரண்டு ஃபோன், ஒரு மடிக்கணினி போதும். கேமைப் பற்றி விளக்க, அதை முழுதாக விளையாடி முடித்த ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். சீருடை மாட்டி நிறுத்தும் வாடகை ஆள் வேண்டாம். பத்து நிமிடத்தில் ஒரு முடிவெடுக்கும் காட்சி வரும்படி கேமைப் பாதியில் சேவ் செய்து, தனியாக ஒரு சேவ் ஃபைலைத் தயார் செய்துகொள்ளுங்கள். நாற்காலி இரண்டு அதிகம் போடுங்கள், மகள் ஆடும்போது அம்மா உட்கார. மின்இணைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று ஸ்டால் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.